மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லி 18,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

நேற்று மாலைதான் அரசின் மாவட்டத் தொழில் மையத்திலிருந்து திரும்பினேன். இன்னும் வயிறு எரிகிறது. 18,500 ரூபாய்! ஒரு துணிப்பை தைத்தால் எனக்கு நிற்பது இரண்டு ரூபாய். எத்தனை பை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், 2021 முதல் வீட்டுத் திண்ணையில் இரண்டு மெஷின் போட்டு மஞ்சப்பை தைக்கிறேன். கொட்டகை போட்டு இன்னும் ஆறு மெஷின் வாங்க எட்டு லட்சம் தேவைப்பட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில், அரசு மானியக் கடன் ஆலோசனை என்று பலகை மாட்டிய ஓர் அலுவலகம். படியேறினேன்.

"உட்காருங்கள் அக்கா" என்றார் அங்கிருந்தவர். ஆதார் எண்ணைக் கேட்டார், போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார். பத்தே நிமிடத்தில் உத்யம் சான்றிதழ், அதாவது சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு. லேமினேஷன் சூடு ஆறுவதற்குள் கையில் கொடுத்தார். என் பெயர், என் ஊர், ஓரத்தில் கியூ.ஆர். கட்டம். மகன் அதன்மேல் போனைக் காட்டினான். அரசுத் தளமே திறந்தது. அங்கேதான் விழுந்தேன். அதற்கு 2,500 வாங்கிக்கொண்டார்.

பிறகு பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்தார். கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம், எட்டு லட்சத்துக்கு 2,80,000 ரூபாய் உங்கள் கையில் என்றார். திட்ட அறிக்கைக்கு 6,000. கோப்பு நகர 10,000. தோட்டை அடகு வைத்து அதைக் கட்டினேன்.

முதல் மாதம் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டாம் மாதம் வங்கி மேனேஜர் மாற்றலாகிவிட்டார். அப்புறம் "மார்ச் முடியட்டும்." பிறகு போனை ஒரு பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். நேரில் போய்ப் பிடித்தபோது, "பணம் கட்டியதற்கு ரசீது இருக்கிறதா அம்மா?" என்கிறார். அக்கா அம்மாவாகிவிட்டேன்.

தொழில் மையத்தில் தேடிப் பார்த்தார்கள். என் பெயரில் விண்ணப்பமே இல்லை. உத்யம் பதிவு இலவசமாம், இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் கட்டணம் கிடையாதாம். அதைவிடக் கொடுமை, அந்த 35 சதவீத மானியமே புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். என் சான்றிதழிலோ 2021-இலேயே தொடங்கியதாக இருக்கிறது. எனக்குத் தகுதியில்லை என்பதற்கு நானே 2,500 கொடுத்து அத்தாட்சி வாங்கியிருக்கிறேன்! தகுதி உள்ளவர்களுக்கும் மானியம் கையில் வராது. வங்கி கடன் கொடுத்தபின், அந்த வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பில் கிடந்து, பிறகு கடனில்தான் கழியும். உங்களுக்குச் சிறுதொழிலுக்கான முத்ரா கடன்தான் சரி, பத்து லட்சம் வரை அடமானம் வேண்டாம், நேரே வங்கிக்குப் போங்கள் என்றார் அங்கிருந்த அம்மா. ஒரு பைசா கேட்கவில்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் ஓடவில்லை. ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ரசீது தராதவருக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலில் தொழில் மையத்துக்குப் போங்கள், நான் கடைசியில் போனேன்.

மகன் போனிலிருந்து அனுப்பிய 10,000-க்கு இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். மீதி 8,500-ஐ நோட்டாக எண்ணிக் கொடுத்தேன். அதற்கு என்னிடம் இருப்பது அந்த லேமினேஷன் அட்டை மட்டும்தான்.