சாஃப்ட்வேர் எழுதி வாங்கப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

மதுரையில் சோப்பு, தலைமுடி எண்ணெய், பற்பசை, நெய் எல்லாம் கம்பெனிகளிடம் எடுத்துக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பில்லிங், ஸ்டாக், வசூல் மூன்றையும் சேர்த்து எங்களுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் லட்சக்கணக்கில் பணம் வாங்கியது. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. தலைமுடி எண்ணெய், சோப்பு, பற்பசை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய் 12-லிருந்து 5. அவர்கள் சொல்லிக் கொடுத்தபடியே, ஒவ்வொரு சரக்கின் விவரமும் வரி விகிதமும் இருக்கும் பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் விகிதத்தை மாற்றினோம். அன்றைய பில்கள் சரியாகத்தான் வந்தன. அப்புறம் ஒரு கடையிலிருந்து, ஆகஸ்டில் வாங்கிய எண்ணெய் ரிட்டர்ன் வந்தது. 18-இல் விற்ற சரக்குக்கு கிரெடிட் நோட்டும் (ரிட்டர்ன் வந்த சரக்கின் தொகையைக் கடைக்கு வரவு வைக்கும் சீட்டு) 18-இல்தான் போட வேண்டும். சிஸ்டம் 5 என்றது. சந்தேகப்பட்டு அந்த ஆகஸ்ட் பில்லையே மறுபடி பிரிண்ட் எடுத்தேன். ஃபைலில் இருந்த காப்பியில் சரக்கு 1,000 ரூபாய், வரி 180, மொத்தம் 1,180. புதுப் பிரிண்டில் அதே பில் எண், அதே தேதி, மொத்தம் 1,050.

காரணம் இதுதான். விற்ற அன்றைக்கு இருந்த வரி விகிதத்தை அவர்கள் பில்லோடு சேர்த்துப் பதியவே இல்லை. பில்லைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாஸ்டரில் இருக்கும் விகிதத்தை எடுத்துப் புதிதாகக் கணக்குப் போடுகிறது. மாஸ்டரைத் தொட்டதும் பழைய பில்கள் அத்தனையும் மாறிவிட்டன. கடை பாக்கியும் இதிலிருந்தே வருவதால், முழுப் பணமும் கட்டிய கடைக்கு நாங்கள் பணம் திருப்பித் தர வேண்டும் என்று லெட்ஜர் காட்டியது. விற்பனை விவரங்களைக் காட்டி அரசுக்குத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் ஒரு தொகை, எங்கள் கணினியில் வேறு தொகை. ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது சட்டம். எங்கள் கணக்கோ சில வாரங்கூடத் தாங்கவில்லை. விற்ற நாளின் விலையும் வரியும் பில்லிலேயே நிற்க வேண்டும் என்பது டேட்டாபேஸ் (தகவல்களைச் சேமிக்கும் அமைப்பு) வடிவமைப்பில் அரிச்சுவடி. அதுகூடத் தெரியாதவர்கள் எப்படிக் காசு வாங்குகிறார்கள் என்று இன்னமும் ஆத்திரமாக வருகிறது.

போன் செய்தால், "மாஸ்டர்ல ரேட்டை மாத்துனது நீங்கதானே சார்?" என்றார்கள். அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடுமாம், அதற்குத் தனிக் கட்டணமாம்.

வேறொரு புரோகிராமரை வைத்துப் பார்க்கலாம் என்றால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தர மறுத்தார்கள். எங்கள் சர்வர், எங்கள் கடைகள், எங்கள் பில்கள்; ஆனால் பாஸ்வேர்டு அவர்களுடைய சொத்தாம். இதே நிலையில் யாராவது இருந்தால் பயப்பட வேண்டாம். டேட்டாபேஸை நடத்தும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற சாஃப்ட்வேர் உங்கள் கணினியிலேயே இருந்து, விண்டோஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையும் உங்களிடம் இருந்தால், அதை ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சிங்கிள் யூசர் முறையில் தொடங்கி உரிமையைத் திரும்பப் பெற முடியும். புதிதாக வந்தவர் அப்படித்தான் உள்ளே போனார்.

உள்ளே தகவல்களை வைத்திருக்கும் ஒரு டேபிளுக்கும் (அட்டவணை) இன்னொன்றுக்கும் இடையே, தவறான பதிவைத் தடுக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கடைக்கென்று தனி எண் இல்லாமல் ஒவ்வொரு பில்லிலும் பெயரையே தட்டச்சு செய்யவிட்டதால், ஒரே கடை மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று கடையாக இருந்தது. சேல்ஸ் பையன்கள் தமிழில் அடித்த முகவரிகள் வெறும் கேள்விக்குறிகளாகக் கிடந்தன. தமிழ் போன்ற எழுத்துகளைப் பதிய உதவும் யூனிகோடு முறையைத் தாங்காத வகையில் அந்தப் புலத்தை அமைத்திருக்கிறார்கள். சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துவிடுவதால் மீட்க வழியே இல்லை. பேக்கப்பும் அதே ஹார்டு டிஸ்கில்தான்.

இத்தனைக்கும் வேர் தொடக்கத்திலேயே இருந்தது. அவர்கள் முதலாளி அறையில் உட்கார்ந்து என்னென்ன ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டார்கள், ஒரு மாதிரி பில்லை வாங்கிக்கொண்டு போனார்கள், அடுத்து வந்தபோது கலர் கலராக ஸ்க்ரீன் காட்டினார்கள். குடோன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் '10-க்கு 1 ஃப்ரீ' என்று ஸ்கீமில் வெளியே போகும் பீஸுக்கு டேபிளில் இடம் வேண்டும் என்று குடோன் அண்ணனே சொல்லியிருப்பார். இடம் இல்லாததால் ஃப்ரீ பீஸ்கள் கணக்கில் ஏறாமலே போயின. ரேக்கில் காலியான சரக்கு கணினியில் இருப்பு என்று நின்றது.

புதியவர் இன்னும் ஒரு ஸ்க்ரீன்கூடக் காட்டவில்லை. குடோனில் உட்கார்ந்து பேசிவிட்டு, கடை, ஐட்டம், பில், பில்லின் ஒவ்வொரு வரி, எந்தத் தேதியிலிருந்து எந்த வரி விகிதம் என்று கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்து, அதில் எங்கள் கையெழுத்தை வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கியிருக்கிறார். நாங்கள் ஃபைல் காப்பிகளைப் பார்த்துப் பழைய பில்களை மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நிறுவனம் இப்போது இந்தப் பக்கத்து ஏஜென்சிகளுக்கு டெமோ காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வந்தால், அவர்கள் எதிரிலேயே ஒரு பில் போடச் சொல்லுங்கள். மாஸ்டரில் வரியை மாற்றச் சொல்லிவிட்டு, அதே பில்லை மறுபடி பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். தொகை மாறினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.