1966 பான்டியாக் ஜிடிஓ: 11 வருடம் ஓட்டிய பிறகு

இந்த வண்டிக்கு முதல் தடவை பெட்ரோல் போடப் போனபோது டேங்க் மூடியைத் தேடி இரண்டு சுற்று சுற்றினேன். இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. கடைசியில் எனக்குப் பின்னால் நின்றவர் இறங்கி வந்து, பின்பக்க நம்பர் பிளேட்டைப் பிடித்துக் கீழே மடக்கிக் காட்டினார். மூடி அதற்குள் இருந்தது. இன்றைக்கும் பங்கில் யாராவது வேடிக்கை பார்க்காமல் நான் பெட்ரோல் போட்டதில்லை. அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். காலனுக்கு 11, 12 மைல். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் விலை கூடிய பிரீமியம்தான் ஊற்ற வேண்டும்.

என்னுடையது 389 கன அங்குல வி8, ஒற்றைக் கார்புரேட்டர், 335 குதிரைத்திறன், நாலு கியர் மேனுவல். டெட்ராய்ட்டுக்கு வடக்கே குடியிருக்கிறேன். பனியைக் கரைக்கச் சாலையில் உப்புக் கொட்டும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது. மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறையாவது எடுப்பேன். இரண்டாவது கியரில் போட்டு மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, விடுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்கிறேன். நாலு சக்கரத்திலும் டிரம். முதல் அழுத்தலுக்கு ஒழுங்காக நிற்கும். உடனே இன்னொரு முறை அழுத்தினால் லேசாக இடப்பக்கம் இழுக்கும். மூன்றாவது முறைக்குள் டிரம் சூடேறியிருக்கும். கால் போகிறது, வேகம் குறைவதில்லை. அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். சீட் பெல்ட் இடுப்புக்கு மட்டும். முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் நடுவே மூன்று கார் இடைவெளி விட்டே ஓட்டுகிறேன். அதில் யாராவது புகுந்துவிடுவார்கள், அது வேறு.

இந்த வண்டி பிறந்ததே ஒரு தில்லுமுல்லில். 1963-ல் ஜெனரல் மோட்டார்ஸ், பான்டியாக் உட்படத் தன் பிரிவுகள் பந்தயத்தில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் அந்த 389 என்ஜினை லெ மான்ஸ் என்ற தங்கள் நடுத்தர வண்டியின் 1964 மாடலில் இறக்கினார்கள். புது மாடல் என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். அதனால் ‘ஆப்ஷன்’ என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பெயரைக்கூட ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 5,000 விற்றாலே பெரிது என்று நினைத்த இடத்தில் முதல் வருடமே 32,450 போனது. 1966-ல் 96,946. என் வண்டி அந்த உச்சத்தில் ஒன்று.

அப்புறம் ஏன் விழுந்தது? இங்கே கார் கண்காட்சிகளில் யாரைக் கேட்டாலும் ‘1973 எண்ணெய் நெருக்கடி’ என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1970-லேயே விற்பனை 40,149-க்கு வந்துவிட்டது. 1971-ல் 10,532. அந்த மாடலுக்கு ஆரம்பத்திலேயே வேலைநிறுத்தம் குறுக்கிட்டது உண்மைதான். ஆனால் அடுத்த வருடம் 5,811 ஆனதே, அதற்கு என்ன சொல்வது? அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியது அதற்கும் பிறகு, 1973 அக்டோபரில்.

என்னைக் கேட்டால் முதல் அடி இன்ஷூரன்ஸ்காரர்கள் கொடுத்தது. இதை வாங்கியவர்களில் பெரும்பகுதி இளவட்டங்கள். நான் சொன்ன பிரேக்கோடு, 335 குதிரைகளை இருபது வயதுப் பையன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? பிரீமியத்தை ஏற்றினார்கள், பையன்களால் கட்ட முடியவில்லை. இன்றைக்குப் பழைய வண்டி என்ற கணக்கில் எனக்கு வரும் பிரீமியம் என் மனைவியின் காருக்குக் கட்டுவதைவிடக் குறைவு. தலை நரைத்தவன் மெதுவாகத்தான் ஓட்டுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது அடி புகைக் கட்டுப்பாடு. என் வண்டியை ஷெட்டில் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் வீட்டுக்குள் துணியெல்லாம் பெட்ரோல் வாடை. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971-ல் கம்ப்ரஷனை, அதாவது என்ஜின் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் விகிதத்தைக் குறைத்தார்கள்: என் வண்டியில் 10.75, அந்த வருடத்து 400 கன அங்குல என்ஜினில் 8.2. வண்டி சாதுவாகிவிட்டது. 1974-ல் பான்டியாக்கின் சின்ன வண்டியான வென்டுராவின் மேல் ஜிடிஓ என்று எழுதி ஒட்டி விற்றார்கள், அதோடு சரி. 2004-ல் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோ இதே பெயரில் வந்து மூன்று வருடம் இருந்தது. நல்ல வண்டி, ஆனால் ஜிடிஓ மாதிரி முகமே இல்லை. 2009-ல் பான்டியாக்கையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை, உட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் போகும் நாள். நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு என் வண்டி நின்றுவிட்டது. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து துணி காயப்போடும் மரக் கிளிப் இரண்டை எடுத்துக் குழாயில் மாட்டினார். “பத்து நிமிஷம் பொறு” என்றார். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. கிளிப்பாலா, பத்து நிமிடம் ஆறியதாலா? பின்னதாகத்தான் இருக்கும். ஆனாலும் கிளிப்பைக் கழற்றவில்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் வண்டி எண்ணைப் பாருங்கள். 1966-ல்தான் ஜிடிஓ தனி மாடலானது. எண் 242 என்று தொடங்க வேண்டும். இல்லையென்றால் அது லெ மான்ஸுக்குக் கட்டிய வேஷம். அப்புறம் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப்போய்ப் பின் சக்கரத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் கீழே விழுந்தால் உள்ளே இருப்பது தகரம் இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி.