ஐந்தாண்டுகளாக ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்: பாதியில் அறுபடும் ஓடைகள்

சென்ற மாதம் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு என் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி மீண்டும் எழவில்லை. மெமரி கார்டு பழுதாகியிருந்தது. பல தளங்களின் புதிய கட்டுரைகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற மென்பொருள் ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கார்டில்தான். காப்புநகல் வேறொரு வட்டில் இருந்ததால் எதுவும் தொலையவில்லை. ஓர் எஸ்எஸ்டி வாங்கி, ஒரே மாலையில் எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நட்சத்திரமிட்டு வைத்திருந்த கட்டுரைகளைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அதன் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதே வேலையைச் செய்துவந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்ட பின், சில ஆண்டுகள் சமூக ஊடகம் எதைக் காட்டியதோ அதையே படித்துவந்தேன். ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் அந்தப் பழக்கத்தை மாற்றியது. ஒரு தளம் தன் புதிய கட்டுரைகளை இத்தகைய மென்பொருள்களுக்காக வெளியிடும் பட்டியல்தான் ஓடை. நான் சேர்த்த 140 ஓடைகளில் யார் எழுதினாலும், எழுதிய நேர வரிசையிலேயே வந்து நிற்கும். எதையும் அது தானாக முன்னே தள்ளாது, பின்னே ஒதுக்காது. காலைக் காப்பியோடு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். முடிந்தது என்று ஒரு நிலை இருப்பதே எனக்குப் பெரிய நிம்மதி. மணிக்கொரு முறை எல்லா ஓடைகளையும் கேட்டு வந்தாலும், மாற்றமில்லாத தளங்கள் 304 என்ற குறியீட்டை மட்டுமே திருப்பி அனுப்புவதால் இணையச் செலவும் மிகக் குறைவு.

என்னை விடாமல் உறுத்துவது ஓடையில் முழுக் கட்டுரையைத் தராத தளங்கள். பல வலைப்பதிவுகள் இயங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் ‘முழு உரை’, ‘சுருக்கம்’ என இரண்டு தெரிவுகள் உண்டு. இயல்பாக இருப்பது முழு உரைதான். யாரோ மெனக்கெட்டு அதைச் சுருக்கமாக மாற்றியிருக்கிறார்கள். தானாக எடுக்கப்படும் சுருக்கம் வழக்கமாக 55 சொற்கள். அதற்குள் தமிழ்க் கட்டுரை எதுவும் விஷயத்துக்கே வந்திருக்காது. விளம்பர வருமானத்தை நம்பியிருக்கும் தளம் வாசகர் நேரில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஒரு விளம்பரம்கூட இல்லாத தளம் எதற்காக வெட்ட வேண்டும்? மூலப் பக்கத்திலிருந்து முழு உரையை எடுத்துவர ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் தளத்துக்குத் தளம், பக்கத்தின் எந்தப் பகுதியில் கட்டுரை இருக்கிறது என்று காட்டும் சிஎஸ்எஸ் குறிப்பு எழுதி வைக்கும் வசதி உண்டு. ஆனால் தளத்தின் வடிவமைப்பை மாற்றிய அன்றே அந்தக் குறிப்பு பயனற்றுப் போகும்.

இத்தனை நாளும் இதை வசதிக்குறைவு என்றே நினைத்திருந்தேன். மீட்ட அன்று பார்த்தது வேறு. ஏரி மதகுகளைப் பற்றி ஒருவர் ஏழு பகுதிகளாக எழுதிய தொடர் என்னிடம் இருந்தது. அவருடைய தளம் இன்று இல்லை. என்னிடம் எஞ்சியிருப்பவை ஏழு தொடக்கங்கள் மட்டுமே. ஏழாவது, “மடை திறக்கும் முறையைப் பற்றிக் கேட்டதும் பெரியவர் முதலில் சொன்னது” என்பதோடு நின்று, அதற்கப்பால் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள். பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது குறித்து இன்னொருவர் எழுதியவை, அவர் தளமும் மறைந்த பிறகு, படங்கள் நீங்கலாக வரிக்கு வரி அப்படியே இருக்கின்றன, அவர் முழு உரை கொடுத்திருந்த ஒரே காரணத்தால்.

நண்பர் ஒருவர் தமக்கும் இதை நிறுவித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மென்பொருளில் குறையென்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சுருக்கம் மட்டும் தரும் தளங்கள் என் பட்டியலில் 31 இருக்கின்றன. அந்த அமைப்பை மாற்றும்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதி வருகிறேன். இதுவரை இருவர் மாற்றியிருக்கிறார்கள்.