கொடிமலையில் ஏறிய ஃபியூசியா, ஆயர் ஈத்தாமில் ஏறவில்லை

கேமரன் மலைக்குப் போனவர்கள் ஸ்ட்ராபெர்ரியோடு, தொங்கும் பூக்கள் பூக்கும் குளிர்ப்பிரதேசச் செடியான ஃபியூசியா தொட்டி ஒன்றையும் தூக்கி வருவது வழக்கம். கீழே வந்த சில வாரங்களில் தொட்டி காலி. நான் அதன் துண்டுகளை இரண்டு இடத்தில் வைத்து வளர்க்கிறேன்: மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் என் வீட்டு வாசலில் சில, பினாங்குக் கொடிமலையில் மச்சான் வேலை செய்யும் பங்களாவில் சில. வருடக்கணக்காகிவிட்டது.

மலையில் ஒரு செடி கூரைவிளிம்பைத் தொட்டுவிட்டது. ஆனால் தானாக ஏறியதில்லை. ஃபியூசியாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, சுற்றவும் தெரியாது. 1939இல் கியூ தோட்டத்தில் உருவாகி, 'ஏறும் ஃபியூசியா' என்று பேர் வாங்கிய லேடி பூத்பி என்ற வகையையும் யாராவது கட்டித்தான் விடவேண்டும்.

நேராக எழும் ஒரே தண்டை வைத்துக்கொண்டு அதன் நுனியை மட்டும் கிள்ளாமல் விட்டோம். பக்கக் கிளைகளை இரண்டு மூன்று ஜோடி இலைக்குமேல் கிள்ளிவிடுவோம். புதுத் துளிரில்தான் பூ என்பதால் கிள்ளக் கிள்ளப் பூ கூடும். கட்டுவதற்கு ராஃபியா கயிறு வேண்டாம், காற்றில் ஆடும்போது தண்டை அறுக்கிறது. பழைய டீ-சட்டையைக் கிழித்து, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுவோம். காலையில் தண்ணீர் குடித்து விறைப்பாக இருக்கும்போது வளைத்தால் கணுவில் 'டிக்'கென்று ஒடியும். மச்சான் மாலையில், கொஞ்சம் துவண்ட நேரம் பார்த்துத்தான் கை வைப்பார். பூ வந்தால் தேன்சிட்டுகளும் வந்துவிடும்.

கீழே கதை வேறு. மலை சுமார் 5 டிகிரி குளிர்ச்சி. எங்கள் வாசலில் இரவிலும் 24 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. அடுக்குப் பூ வகைகள் மொட்டோடு கொட்டிப்போயின. தாக்குப்பிடித்தது ஆரஞ்சுச் சிவப்பில் நீளமாகக் குழல்போல் பூக்கும் ட்ரைஃபில்லா வகை மட்டும். அதுவும் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், உயரம் இடுப்பளவுதான்.

மதியம் இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விரல் விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் அது வெயில் சோர்வு, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் இலையடியில் சிவப்புச் சிலந்தி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி வரும். அடிப்பக்கம் படும்படி தண்ணீர் பீய்ச்சினால் கட்டுப்படும்.

மலைக்கு என்றால் தயங்காமல் வையுங்கள், வாரம் ஒருமுறை கட்ட ஆள் இருந்தால் போதும். கோலாலம்பூர்க்காரர்களும் எங்களைப்போல் கீழே இருப்பவர்களும் ஆசைக்கு ஒரு ட்ரைஃபில்லா தொட்டி வைத்துக்கொள்ளலாம். வேலியை மூடத்தான் கொடி என்றால் ரங்கூன் மல்லி இருக்கிறது. அதைக் கட்ட ஆள் வேண்டாம், வெட்டத்தான் வேண்டும்.