டெக்கா, கேசட்டா: எதை முதலில் திறப்பது?

பரணிலிருந்து இறங்கியவை இரண்டு வீடியோ கேசட்டுகள். 1992-ல் ஊர்க் கோயில் கொடைக்கு எடுத்தவை. அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். ரயிலேறி இரண்டு நாள் பயணம் செய்து போய்ப் பார்த்த கொடை. இப்போது செம்பூரில், அதே காலத்து டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் வி.சி.ஆர் மெஷினில், முதல் கேசட்டைப் போட்டால் அழகாக உள்ளே வாங்கிக்கொள்கிறது. நாலு செகண்ட் வில்லுப்பாட்டு கேட்கிறது. அப்புறம் 'டக்' என்று நின்று வெளியே துப்பிவிடுகிறது.

உடனே வீட்டில் நாலு கட்சி. "இது போச்சு அத்தான், வேற டெக்கு ஒண்ணு வாங்கிருவோம்" என்றான் மைத்துனன். இருப்பதையே மின்னணுக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குத் தூக்கிப் போய் ரிப்பேர் பார்க்கலாம் என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. அம்மாவுக்கு, கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிவிட்டால் போதும். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன்னால், கோளாறு எதில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குச் செலவே இல்லாத சோதனை, போனாலும் கவலையில்லாத ஒரு பழைய சினிமா கேசட்டைப் போட்டுப் பார்ப்பது. சத்தம் தெளிவாக வந்து, படத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் கொட்டினால் வீடியோ ஹெட்டில், அதாவது டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் முனையில், அழுக்கு. சத்தத்துக்கான ஹெட் அசையாமல் தனியாக நிற்கிறது; படத்துக்கான ஹெட்கள் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும் டிரம்மில் இருக்கின்றன. அதனால்தான் ஒன்று போனாலும் மற்றது வரும். சில செகண்ட் ஓடி நின்றால், டேப்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய ரீல் சுற்றவில்லை என்று அர்த்தம். டேப் உள்ளே குவிந்து சிக்காமலிருக்க மெஷினே நிறுத்திக்கொள்கிறது. அது கோபித்துக்கொள்ளவில்லை, காப்பாற்றுகிறது.

எங்கள் டெக்கில் சினிமா கேசட் ஓடியது, ஆனால் ரீவைண்ட் பாதியில் நின்றது. ஆக, கொஞ்சம் டெக், கொஞ்சம் கேசட். ரீலைச் சுற்றும் ரப்பர் வளையம் காய்ந்து வழுக்குகிறது. அந்த நேரம் பார்த்து இறுகிப்போன கேசட் ஒன்று மாட்டினால் அதனால் இழுக்க முடிவதில்லை.

மைத்துனன் கட்சியை எடுத்துக்கொள்வோம். பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் டெக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எந்த டெக்கை வாங்கினாலும் அதற்குள் இருப்பதும் வயதான ரப்பர்தான். நம் வீட்டுக் கிழவனை விற்றுவிட்டு அடுத்த வீட்டுக் கிழவனைத் தத்தெடுப்பது மாதிரி. பத்து இருபது கேசட் வைத்திருப்பவர் வாங்கலாம். அப்போதும் உதவாத கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே இருபது நிமிடம் ஓடவிட்டு, முழுக்க ரீவைண்டும் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் படம் தெரிவதைக் காட்டி விற்பது எவருக்கும் சுலபம்.

ரிப்பேர் அதைவிட உருப்படியான வழி. பெல்ட், ரப்பர் வளையம், டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் இவற்றைப் பார்த்தாலே பாதி டெக்குகள் எழுந்து உட்காரும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோட்டில் கேட்டால், "சரிதான், கொண்டுவா" என்று சொல்லும் வயதான கைகள் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன. ஹெட்டை மட்டும் எப்படித் துடைக்கிறார்கள் என்று கூடவே நின்று பாருங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய தோல் துண்டை அசையாமல் டிரம்மில் ஒட்டிப் பிடித்து, டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்தாரென்றால் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். பஞ்சின் நூல் ஹெட்டில் மாட்டினாலும் உடையும்.

ஆனால் என் கட்சி இந்த இரண்டுக்கும் முந்தியது: முதலில் கேசட்டைப் பார்ப்பது. டெக் போனால் இன்னொன்று; இந்தக் கேசட்டில் குலவை போடுகிற ஆச்சிக்கு நகல் கிடையாது. மும்பை மழையை நாலு மாதம் பார்த்த கேசட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல டேப்பின் சுருள் ஓரம் கறுப்பாய்ப் பளபளக்கும். வெள்ளைப் பொடி தூவினது போலவோ, சிலந்தி நூல் ஓடினது போலவோ தெரிந்தால் பூஞ்சணம். அதை ஓட்டினால் டெக்குக்குள்ளும் ஒட்டும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் போகும். பூஞ்சணம் பிடித்ததை ரிப்பேர் செய்த டெக்கில் போடுவது, கூலி கொடுத்து அழுக்கு வாங்குவது.

எங்கள் முதல் கேசட்டில் பூஞ்சணம் இல்லை, இறுக்கம்தான். கவிழ்த்து வைத்து ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடியே நிமிர்த்தி, மேல்மூடியை மட்டும் தூக்கினேன். முதலில் போனில் ஒரு போட்டோ. டேப் எந்த உருளைக்கு முன்னால், எந்த ஊசிக்குப் பின்னால் போகிறது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். பிறகு உதவாத சினிமா கேசட்டையும் திறந்து, அதன் டேப்பை எடுத்துவிட்டு, எங்கள் இரண்டு ரீல்களையும் அந்தக் கூட்டுக்குள் மாற்றினேன். மூடிவிட்டு, கையால் மெதுவாக ஒரு முறை முழுக்க அந்தப் பக்கம், ஒரு முறை இந்தப் பக்கம். கட்டைவிரல் வலித்தது, அவ்வளவுதான். டேப் அறுந்திருந்தால் அதற்கென்றே வரும் ஒட்டு டேப்பை, ஹெட் படாத பக்கத்தில் ஒட்டலாம். செலோடேப் கூடாது, பசை கசிந்து ஹெட்டில் ஏறும். கசங்கினதில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டினாலும் போவது இரண்டு செகண்ட்தான்; நம் நாட்டு வீடியோ முறையான பால் (PAL) முறையில் டேப் ஓடும் வேகம் அப்படி.

கடையில் கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் என்கிறேன். பூஞ்சணத்தைச் சுத்தம் செய்வார்களா, வெறுமனே ஓட்டிப் பதிவு மட்டும் செய்வார்களா என்று கேட்டுவிடுங்கள். 720-க்கு 576 அளவில், சுருக்காத கோப்பு வேண்டும் என்றும், கேசட்டைத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதியே கொடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவைப்பது நல்லது. அமெரிக்காவில் பதிவான கேசட் என்றால் அது வேறு முறை. அதற்குக் கடைதான் வழி.

கூடு மாறிய கேசட்டை, ரப்பர் மாற்றிய டெக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோம். அடியில் ஒரு கோடு ஓடியது, டேப்போடு ஹெட்டை ஒத்துப்போக வைக்கும் டிராக்கிங்கைத் திருகினதும் போனது. குடத்தைத் தட்டிக்கொண்டு வில்லுப்பாட்டு முழுசாக வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது கேசட்டில் பூஞ்சணம் இருக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் கிடக்கிறது. மழை விட்டதும்தான் திறப்பேன். அக்டோபர் வரை கேட்காதே என்று மைத்துனனிடம் சொல்லியிருக்கிறேன்.