பழைய ரூபிடியம் கடிகாரம்: துல்லியத்துல குறையே இல்ல, சூடுதான் உயிர வாங்குது

நண்பர் ஒருத்தர் கேட்டார், டெலிகாம்ல இருந்து கழட்டின ரூபிடியம் ஸ்டாண்டர்ட் (ரூபிடியம் அணுவ வச்சு துல்லியமா 10 மெகாஹெர்ட்ஸ் குடுக்குற பெட்டி) ஒண்ணு மலிவா வருது, வாங்கலாமான்னு. நான் இப்பதான் என்னோடத பிரிச்சு கெப்பாசிட்டர் மாத்தி மூடியிருக்கேன், அதனால பதில்ல கொஞ்சம் கடுப்பு இருக்கும், பொறுத்துக்கங்க.

நல்லத முதல்ல சொல்லிடறேன். செல்போன் டவர்ல வருஷக்கணக்கா ராப்பகலா ஓடி ரிட்டையர் ஆன பெட்டி, இன்னும் 10 மெகாஹெர்ட்ஸ்ல அசையாம நிக்குது. ஜிபிஎஸ்ல இருந்து வர்ற ரெஃபரன்ஸ் சிக்னல ஆசிலோஸ்கோப் ட்ரிகருக்கு குடுத்துட்டு இதோட சைன் வேவ பாருங்க, நகர்ற மாதிரியே தெரியாது. பத்தாயிரம் கோடில ஒரு பங்கு தப்பா இருந்தாலும் ஒரு முழு சைக்கிள், அதாவது 100 நானோசெகண்ட், தள்ளிப்போக கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆகும். ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் தெரியாத இடத்துல இத விட்டா நமக்கு வேற ஆளே கிடையாது.

ஆனா அணு கடிகாரம்னா ட்யூன் பண்ணவே வேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது சீசியத்துக்குத்தான், 1967ல செகண்டுக்கு விளக்கம் எழுதினதே அத வச்சுதான். ரூபிடியம் ஆவி அடைச்ச கண்ணாடிக் குப்பி, அதாவது செல், அதுக்குள்ள பஃபர் கேஸ்னு வேற வாயுவும் இருக்கு, அது அணுவோட அதிர்வெண்ண கொஞ்சம் மேல தள்ளிடும். தனி ரூபிடியம் அணுவுக்கு 6834.682611 மெகாஹெர்ட்ஸ், நிறைய யூனிட்ல சர்க்யூட் தேடிப் போய் அணுவோட ஒட்டிக்கிறது, அதாவது லாக் ஆகுறது, 6834.6875ல. கேஸ் அழுத்தம் செல்லுக்கு செல் துளி மாறும், வயசாக ஆக நகரும், அதனால சி-ஃபீல்டு ஸ்க்ரூவ (செல்ல சுத்தியிருக்குற காந்தப்புலத்த மாத்தி அதிர்வெண்ண திருத்துறது) அப்பப்ப ஜிபிஎஸ்ஸோட ஒப்பிட்டு திருப்பித்தான் ஆகணும். இதுல எனக்கு வருத்தமே இல்ல, ராத்திரி முழுக்க ரெண்டுக்கும் உள்ள ஃபேஸ் வித்தியாசத்த பதிவு பண்ணி காலைல கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்குறது ஒரு தனி சுகம்.

வருத்தமெல்லாம் சூட்டு மேலதான். உள்ள இருக்குற செல்லும், அதுக்கு வெளிச்சம் குடுக்குற ரூபிடியம் லேம்ப்பும் அடுப்புல வச்ச மாதிரி எந்நேரமும் ஒரே சூட்டுல கொதிச்சுட்டே இருக்கணும். அந்த சூடு கீழ இருக்குற பேஸ்பிளேட் வழியா வெளிய போகணும், டவர்ல அதுக்குன்னே பெரிய உலோகப் பலகைல போல்ட் போட்டு இறுக்கியிருப்பாங்க, நம்ம கைக்கு வர்றப்ப வெறும் பெட்டி மட்டும்தான் வருது. மேசை மேல அப்படியே வச்சு ஆன் பண்ணா ஜம்முனு அஞ்சு பத்து நிமிஷத்துல லாக் ஆகிடும், விக்கிறவர் இத போட்டோ புடிச்சு 'டெஸ்டட்'னு போட்டுடுவார். ரெண்டு மணி நேரம் கழிச்சு பேஸ்பிளேட் கைய வைக்க முடியாம சுட்டதும் லாக் போகும், ஆறினா திரும்ப வரும், அப்பறம் போகும். என்னோடதுல இதேதான். லேம்ப் போச்சுன்னு நினைக்க வைக்கும், லேம்ப் வெளிச்சம் எப்படி இருக்குன்னு காட்டுற லேம்ப் வோல்டேஜ் பாத்தா நல்லாத்தான் இருக்கும்.

சரி ஃபேன் போடலாம்னா அடுத்த தலைவலி. காத்து அடிச்சா சூடு ஏறி இறங்குது, கூடவே ஃப்ரீக்வென்சியும் ஆடுது, அறைக் கதவ திறந்து மூடினது கூட ஃபேஸ் கிராஃப்ல தெரியும்னா பாத்துக்கங்க. ஃபேன் மோட்டாரோட காந்தப்புலமும் ஆகாது, ட்ரான்ஸ்ஃபார்மரையும் தள்ளி வைக்கணும். கடைசில தடிமனான அலுமினியம் பலகை, அதுக்குக் கீழ ஹீட்சிங்க், சூட்ட அளக்குற தெர்மிஸ்டர் பாத்து மெதுவா சுத்துற ஃபேன் கொஞ்சம் தூரத்துல, மேல ஒரு மூடி. இப்ப ஒழுங்கா இருக்கு. ஆனா அதுக்குள்ள வெந்து காஞ்சுபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாத்தையும் 105 டிகிரி ரகமா மாத்த வேண்டியதாயிடுச்சு, அதுவும் சும்மா இல்ல, போர்டு பாதி சூட்ட அந்தப் பலகைக்கே இழுத்துட்டுப் போறதால அயர்ன் வச்சா ஈயம் உருகவே மாட்டேங்குது.

லேம்ப் விஷயமும் சொல்லிடறேன். வருஷக்கணக்குல ரூபிடியம் கண்ணாடில படிஞ்சு வெளிச்சம் மங்கும், லேம்ப வெளிய எடுத்து ஹீட் கன்ல பதமா சூடு காட்டினா படிவு விலகி பல தடவ உயிர் வந்துடும். எல்பிஆர்ஓ-101 மாதிரி லேம்ப் வோல்டேஜ் பின் வெளியவே இருக்குற மாடல்னா பிரிக்காமலே நிலவரம் தெரியும், அது பெரிய நிம்மதி.

இப்ப கேள்விக்கு பதில். ஃப்ரீக்வென்சி கவுண்டருக்கு ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் வேணும், அவ்வளவுதான்னா வேணாங்க, ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ்ஸ பாத்து தன்னைத்தானே திருத்திக்கிற ஆசிலேட்டர்) ஒண்ணு வாங்கி ஆன்டெனாவ வெளிய வச்சுட்டு நிம்மதியா தூங்குங்க. மேல நான் புகழ்ந்ததெல்லாம் உண்மைதான், இருந்தாலும் வேணாம்னுதான் சொல்றேன். இல்ல, வாங்கியே தீருவேன்னா விக்கிறவர்கிட்ட லாக் ஆகுதான்னு கேக்காதீங்க, நாலு மணி நேரம் ஓடவிட்டதுக்கு அப்பறமும் லாக் நிக்குதான்னு கேளுங்க, லேம்ப் வோல்டேஜ் எவ்வளவுன்னும் கேளுங்க. ரெண்டுக்கும் மழுப்பினார்னா விட்டுடுங்க.