குன்னூர் மழையில் டிராவலர் கூரை: எந்த ஸ்குரூ தாக்குப்பிடித்தது?

எங்கள் மோரிஸ் மைனர் டிராவலர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் கூரையைக் கழற்றி மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. ஜூன் தூறலையும் அக்டோபர், நவம்பரில் குன்னூரைப் புரட்டியெடுக்கும் மழையையும் அது பலமுறை பார்த்துவிட்டது. இனி கருத்துச் சொல்லலாம்.

1953 முதல் 1971 வரை தயாரான இந்த வண்டிக்குப் பின்பாதி முழுக்க ஆஷ் மரச்சட்டம், அதன்மேல் அலுமினியக் கூரை. முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறை பித்தளை ஸ்குரூவை நேராகத் தகட்டில் முடுக்கியிருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் தலையைச் சுற்றித் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டது. ஈரத்தில் பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அரிபடுவது அலுமினியம். கரைகிற செம்பு தகட்டின் மேல் படிந்து புதுப்புது இடத்தில் அரிக்கத் தொடங்கும். மூடுபனி காயாத ஊரில் கேட்கவே வேண்டாம்.

"மரத்துக்குப் பித்தளைதான் சார்" என்று ஆசாரி விடவில்லை. மரத்துக்குச் சரி, தகட்டுக்கு ஆகாது. உள்பக்க மரப்பட்டைகளுக்குப் பித்தளையே போட்டோம், இன்றும் நன்றாக இருக்கிறது.

கூரைக்கு 304 ரக எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூ: 8ஆம் நம்பர், ஒரு அங்குலம். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா), தலைக்கு அடியில் நைலான் வாஷர். எஸ்எஸ் என்று கடையில் கொடுப்பதில் காந்தம் நன்றாக ஒட்டினால் அது அநேகமாக 304 இல்லை, வாங்காதீர்கள். இறுகிய மரத்தில் எஸ்எஸ் சட்டென்று முறியும். அதனால் 3 மிமீ துளை போட்டு, அதே அளவு சாதா இரும்பு ஸ்குரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி, அப்புறம் மெழுகு தடவி எஸ்எஸ்ஸை ஏற்றினோம். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும்.

பலரும் கவனிக்காதது தகட்டின் நீட்சி. 2 மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 1.4 மிமீ நீளும். மரம் அவ்வளவு நீளாது. ஜனவரியில் விடிகாலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே இந்த இழுபறி தினமும் நடக்கிறது. அதனால் தகட்டில் நடு ஸ்குரூவுக்கு மட்டும் வட்டத் துளை, மற்றதெல்லாம் நீள்துளை. ஒன்றுகூடத் தளரவில்லை.

பின்கதவுக்கு மேலே ஒப்பிட்டுப் பார்க்க ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆணி சிலவற்றை அடித்தோம். சுத்தியல் பட்டதும் தலையில் துத்தநாகப் பூச்சு உடைந்து, அடுத்த மழைக்கே மரத்தில் துருக்கோடு வழிந்தது. சில ஆணிகள் மேலெழும்பியும் விட்டன. பிடுங்கி எறிந்தாயிற்று.

ஒரு குறை: வெயில் படும் இடத்தில் நைலான் வாஷர் வெளுத்து வெடிக்கிறது. மழைநீர் வடியும் பட்டைக்கு அடியில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. வெடித்ததை மட்டும் மழைக்கு முன் மாற்றிவிடுகிறேன், கைத் திருப்புளியால்தான். மெஷினை வைத்தால் மரத்தில் மரை போய்விடும்.